கடைசிக் குழாயின் கணக்கு



செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோர ஊர்களில் குழாயடியில் குடத்தோடு நிற்பவர்கள் 'குடிநீர்' என்று சொல்வதில்லை. அது பெயர்ப்பலகையின் சொல். வாயில் வழங்குவது 'நல்ல தண்ணி'. அதற்கு எதிர்ச்சொல் 'கெட்ட தண்ணி' என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் இல்லை, 'உப்புத் தண்ணி' என்பதுதான் எதிர்ச்சொல். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகப் பாலாற்று முகத்துவாரம் வரை இதுவே வழக்கு. தண்ணீரின் தரத்துக்கு இந்த நிலத்து மக்கள் நியமித்த நீதிபதி நாக்கு என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. உப்புக் கரித்தால் கெட்டது, கரிக்காவிட்டால் நல்லது. இன்றைய உரையில் நான் நிறுவ வருவது இதுதான்: பல நூற்றாண்டுகள் நாக்கு சரியான தீர்ப்பைத்தான் சொல்லிவந்தது, இன்றைய நோய்களை அதனால் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் நமது பணமும் இயந்திரமும் அரசுத் திட்டங்களும் பெரும்பாலும் நாக்கின் புகாருக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நாக்குக்குத் தெரியாததை அளக்கிற ஒரு சிறு சோதனை உண்டு. அது ஊரின் கடைசிக் குழாயில் நாள்தோறும் நடந்து, அதன் கணக்கு எல்லாரும் பார்க்கும்படி எழுதப்பட வேண்டும்.

முதலில் நாக்கின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தின் உட்பகுதி பெரிதும் கடும்பாறை. பல்லாவரத்துக் குன்றில் எடுத்த கல்லைக் கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் வைத்ததால், அந்தப் பாறை வகைக்கே 'சார்னோக்கைட்' என்ற பெயர் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது. அத்தகைய பாறையில் தண்ணீர் வெடிப்புகளில் மட்டுமே நிற்கும். அதனால்தான் இந்த நிலத்தில் ஏரிகள் அடுத்தடுத்து வெட்டப்பட்டன. 'ஏரி மாவட்டம்' என்ற பெயரும் வந்தது. கடற்கரையில் கதை வேறு. பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் குறுகலாக ஒரு மணல் மேடு ஓடுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பேறிய கால்வாயும் கழிமுகமும். மணலில் இறங்கிய மழைநீர், அடியில் நிற்கும் கடல்நீரின் மேல், கனம் குறைவாக இருப்பதால் மிதக்கிறது. இந்த மிதப்புக்கு ஒரு விகிதம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி நெதர்லாந்துப் பொறியாளர் பாடோன் கைபனும் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டது அது: கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். திருப்பிப் படித்தால்தான் இதன் பயங்கரம் தெரியும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். மணலில் கையால் தோண்டிய துரவில் பெண்கள் சிரட்டையால் மொண்டு எடுத்ததும், ஆழமாகத் தோண்டாமல் அகலமாகத் தோண்டியதும் இந்த விகிதத்தை அறிந்த செயல்கள். அவர்கள் கணிதம் எழுதவில்லை, அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஊருக்குள் புகுந்தபோது, கிணறுகள் மேலிருந்தே உப்பாயின. மாதக்கணக்கில் லாரித் தண்ணீரையும் பிளாஸ்டிக் தொட்டியையும் நம்பி இருந்த குப்பங்களில் உப்பைப் பற்றிய அச்சம் மேலும் ஆழமாகப் பதிந்ததில் வியப்பில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உப்போடு நடந்த போர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகளும் வீட்டுமனைகளும் பெருகின. ஒவ்வொன்றும் மணலில் ஓர் ஆழ்துளைக் கிணறு, பேச்சுவழக்கில் 'போர்', போட்டது. பாலாற்றில் மணல் அள்ளியதால் ஊற்றுக்கால்கள் வற்றின. தாம்பரம், பல்லாவரம் வட்டாரங்களுக்கும் கல்பாக்கத்துக்கும் தண்ணீர் தந்துவந்த ஆற்றுப்படுகைக் கிணறுகளை நோக்கிக் கடல் நகராமலிருக்க வாயலூரில், ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, தடுப்பணை கட்ட வேண்டியிருந்தது. கல்பாக்கத்தில் அணுசக்தித் துறை நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் செயல்விளக்க ஆலையை நிறுவியது. நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலையும், அதை அடுத்து 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் ஆலையும் வந்தன. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் மதிப்பீடு 4,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. நெம்மேலித் தண்ணீர் பெரும்பாலும் வடக்கே சென்னைக்குப் போகிறது. ஆலைக்கு அருகிலுள்ள சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள் கரை அரிப்பையும் தங்கள் ஊர்த் தண்ணீரையும் பற்றி முறையிட்டது தனி வழக்கு. அதற்கு இன்னொரு சொற்பொழிவு வேண்டும். இங்கே நான் குறிக்க விரும்புவது, இவ்வளவு பொறியியலும் ஒரே ஒரு எதிரியைக் குறிவைக்கிறது என்பதை மட்டுமே. அந்த எதிரி நாக்குக்குத் தெரிந்த எதிரி.

வீட்டுக்குள்ளும் இதே போர்தான். ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர் பேனா போன்ற ஒரு கருவியைத் தண்ணீரில் நனைத்து எண் காட்டுகிறார். டி.டி.எஸ். மீட்டர் என்று நாம் சொல்லும் அந்தக் கருவி அளப்பது தண்ணீரின் மின்கடத்துதிறனை. கரைந்துள்ள உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தோராயக் கூட்டுத்தொகையைச் சொல்லும். அந்த உப்பு எது, சுண்ணாம்புச் சத்தா நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. லிட்டருக்கு ஆயிரம் கிருமி இருந்தாலும் எண் அசையாது. சில விற்பனையாளர்கள் இரண்டு கம்பிகள் கொண்ட இன்னொரு கருவியைத் தண்ணீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். குழாய்த் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையில் அந்தப் பழுப்பு, மின்சாரத்தில் கரைந்த இரும்புக் கம்பியின் துரு. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், உப்பு இல்லாததில் பாயாது, நிரூபணமானது அவ்வளவே. ஆர்.ஓ. சவ்வு நல்ல நிலையில் இருந்தால் கிருமியையும் தடுக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மக்கள் அதை வாங்குவதும், அது வேலை செய்கிறதா என்று சரிபார்ப்பதும் உப்பின் எண்ணைக் கொண்டுதான். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் தரம், ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. உப்புக்கு இப்படி நெகிழ்வு தரும் அதே தரம், நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம் என்ற எல்லையில் எந்தத் தளர்வும் தருவதில்லை. மலக்கிருமியின் அடையாளமான ஈ.கோலி 100 மில்லிலிட்டர் மாதிரியில் ஒன்றுகூடக் காணப்படக் கூடாது என்கிறது. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதில் தரநூலும் நாக்கும் நேர் எதிராக நிற்கின்றன.

காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலையைத் தரும் ஏ, ஈ வகை வைரஸ்கள் எதற்கும் சுவை கிடையாது, நிறம் கிடையாது. நைட்ரேட்டும் அப்படித்தான். பாதாளச் சாக்கடை இல்லாத மணல் நிலத்தில், விடுதியின் மலக்குழியும் அடுத்த மனையின் போரும் சில கஜ தூரத்தில் இருந்தால், மணல் அரிப்பது அழுக்கின் பருமனைத்தான். கரைந்த நைட்ரேட்டை அப்படியே கடத்திவிடுகிறது. கைக்குழந்தைக்குப் புட்டிப்பாலில் அது கலந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். இன்னொரு முரண் பாருங்கள். இரும்பு கலந்து சிவந்த தண்ணீரை மக்கள் கொட்டிவிடுகிறார்கள். அது துணியைக் கறையாக்குமே தவிர, ஆளைப் படுக்கையில் போடுவது அரிது. கண்ணாடி போலத் தெளிந்து வரும் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கிறார்கள். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கலைத் தெளியவைத்த நம் முன்னோர் முறை நல்ல முறைதான். கலங்கல் அடங்கினால் அதோடு கிருமியில் ஒரு பகுதியும் அடியில் படியும். ஆனால் முழுதும் போய்விட்டதா என்று கண் எப்படிச் சொல்லும்?

அடுத்த கேள்வி, இந்தக் கிருமி எங்கே நுழைகிறது என்பது. மூலத்தில் நுழைவதைவிட வழியில் நுழைவது அதிகம். நமது ஊர்களில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் என்று விடுகிறார்கள். மீதி நேரம் குழாய் வெறுமையாக, அழுத்தமின்றிக் கிடக்கிறது. சாக்கடை ஓரமாகவோ மழைநீர் தேங்கிய பள்ளத்திலோ அந்தக் குழாய் போனால், விரிசலில் வெளியே கசிந்த அதே வழியில் வெளியிலுள்ளது உள்ளே கசியும். வீட்டில் மோட்டாரைக் குழாயோடு நேராகச் சேர்த்து உறிஞ்சுபவர்கள் அந்தக் கசிவை இழுப்பாகவே மாற்றிவிடுகிறார்கள். கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். அந்த நகரில் சில பகுதிகளுக்கு 24 மணி நேரமும், மற்றவற்றுக்குச் சில நாளுக்கொரு முறையும் தண்ணீர் போனது. சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பியபோது அது ஒரே தண்ணீர். இடைவிட்டு வந்த வீட்டுக்குழாய்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான மாதிரிகளில் ஈ.கோலி இருந்தது, எந்நேரமும் ஓடிய குழாய்களில் நூற்றுக்கு ஒரு மாதிரியில்கூட இல்லை எனலாம். ஆகவே நெம்மேலியிலோ பாலாற்றிலோ தண்ணீர் எவ்வளவு தூய்மையாகப் புறப்பட்டாலும், அது வீடு வந்து சேரும்போது எப்படி இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நம் மாவட்டத்திலேயே 2024 டிசம்பர் முதல் வாரத்தில் இந்தக் கேள்வி மக்கள் முன்னால் வந்து நின்றது. பல்லாவரம் வட்டாரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டு பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், உயிரிழப்பும் நேர்ந்தது. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்ததுதான் காரணம் என்றனர் தெருவாசிகள். அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. மாதிரிகள் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. அந்த வாதம் நடந்த விதத்தைப் பார்க்கச் சொல்கிறேன். நோய் வந்த பிறகு எடுத்த மாதிரி, நோய் வருவதற்கு முந்தைய நாள் குழாயில் என்ன வந்தது என்பதைச் சொல்லாது. முந்தைய வாரத்தில் அந்தத் தெருவின் கடைசிக் குழாயில் நாள்தோறும் அளந்த ஓர் எண், எல்லார் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டிருந்தால், ஒரு தரப்பு சாட்சியத்தோடு பேசியிருக்கும், மறுதரப்பு ஒப்புக்கொண்டிருக்கும். எண் இல்லாததால் இரு தரப்பும் நம்பிக்கையை வைத்துப் பேசின.

அந்த எண் எது? எஞ்சிய குளோரின். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றுகிறார்கள் அல்லவா, அதில் உள்ள குளோரின் அரை மணி நேரத்தில் தொட்டியிலுள்ள கிருமியோடும் அழுக்கோடும் சண்டையிட்டுச் செலவாகிறது. செலவானது போக மிஞ்சியது தண்ணீரோடு குழாயில் பயணம் செய்கிறது. வழியில் ஏதாவது கசிந்து நுழைந்தால் அதையும் எதிர்கொள்கிறது. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது தரநூல். மிஞ்சியிருந்தால், போகிற வழியில் பெரிய தாக்குதல் இல்லை என்று பொருள். நேற்று வரை இருந்தது இன்று பூஜ்யமானால், எங்கோ குழாய் உடைந்தது, அல்லது தொட்டியில் மருந்து போடவில்லை. ஈ.கோலி சோதனைக்கு ஆய்வகமும் ஒருநாள் காத்திருப்பும் வேண்டும். எஞ்சிய குளோரினைப் பார்க்கச் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு ஆர்த்தோடோலிடின் விட்டு, மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் போதும். ஒரு நிமிட வேலை, பள்ளி மாணவர் செய்யக்கூடியது.

தொட்டியில் மருந்து போடுவது எளிய வேலை என்று நினைப்பதால்தான் அது பிழைபடுகிறது. 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் வேண்டுமானால் மொத்தம் 30 கிராம் குளோரின் தேவை. நான்கில் ஒரு பங்கு வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரானால் 120 கிராம். புதிய தூளில் 33 சதவீதம் வரை வீரியம் இருக்கும். ஆனால் கடற்காற்றின் ஈரத்தில், வாய்திறந்த சாக்கில், தகரக் கூரைக்குக் கீழே சில வாரங்கள் கிடந்தால் அது 10 சதவீதத்துக்குப் போய்விடலாம். அப்போதும் அதே 120 கிராம் போட்டால் சேர்வது லிட்டருக்கு 0.4 மில்லிகிராம். தொட்டியின் பாசியும் சேறுமே அதை உண்டுவிடும்; கடைசிக் குழாய்க்கு மிச்சமிருக்காது. பதிவேட்டில் மட்டும் 'குளோரின் போடப்பட்டது' என்று இருக்கும். எழுதியவர் பொய் சொல்லவும் இல்லை. தொட்டியில் ஏறி இறங்கி, வால்வு திருகி, மோட்டார் போட்டு, அற்பச் சம்பளத்தில் ஊர்த் திட்டையும் வாங்கிக்கொள்ளும் டேங்க் ஆபரேட்டரைக் குறை சொல்வது எனக்கு நோக்கமல்ல. அவரிடம் தூளின் எடையைக் கேட்கிறோம், குழாய் முனையில் என்ன மிஞ்சியது என்று கேட்பதில்லை. பிழை நம் கேள்வியில் இருக்கிறது.

என் வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவது, உப்பை நான் குறைத்து மதிப்பிடுகிறேன் என்பது. ஓரளவு நியாயமான மறுப்பு. வங்கதேசத்தின் கடலோரத்தில் டாக்கோப் பகுதியில் நடந்த ஆய்வு, உப்பு அதிகமான தண்ணீரைக் குடித்த கருவுற்ற பெண்களிடம் ரத்த அழுத்தமும் அதைச் சார்ந்த பேறுகால ஆபத்தும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஆகவே உப்பு என்பது சுவைச் சங்கடம் மட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் போர் தண்ணீரையே நம்பியிருக்கும் வீட்டுக்கு உப்பு நீக்கம் தேவைதான். ஆனால் உப்பின் கேடு ஆண்டுக்கணக்கில் சேர்வது. அதைக் கண்டுபிடிக்க நமக்கு நாக்கு என்ற காவலாளி ஏற்கெனவே இருக்கிறான். கிருமியின் கேடு இரண்டே நாளிலும் வரக்கூடியது. அதற்குக் காவலாளி இல்லை. காவல் இல்லாத வாசலுக்கு முதலில் ஆள் போடச் சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு, குளோரின் வாடை. பிளீச்சிங் வாடை அடிக்கிற தண்ணீரை மக்கள் 'மருந்துத் தண்ணி' என்று முகம் சுளித்துக் கொட்டுகிறார்கள்; புற்றுநோய் வரும் என்றும் பேச்சு. குளோரின் தண்ணீரிலுள்ள மக்கிய பொருளோடு சேரும்போது டிரைஹாலோமீத்தேன் போன்ற துணைப்பொருள்கள் உண்டாவது உண்மையே. உலக சுகாதார நிறுவனம் இதைப் பல ஆண்டுகள் எடைபோட்டு வந்திருக்கும் முடிவு, துணைப்பொருளால் வரக்கூடிய ஆபத்து கிருமிநீக்கம் செய்யாமல் விடுவதன் ஆபத்தோடு ஒப்பிட மிகச் சிறியது என்பதே. வாடையைக் குறைக்க வழியும் உண்டு: தொட்டியைக் கழுவிவைத்தால் குறைந்த மருந்தே போதும், குடத்தில் பிடித்துச் சற்று நேரம் திறந்துவைத்தால் வாடை அடங்கும். லேசான அந்த வாடையை நல்ல சகுனமாகக் கொள்ள மூக்கைப் பழக்கலாம். காய்ச்சிக் குடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஆனால் காய்ச்சிய தண்ணீரில் மிச்சப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. கை நனைத்து மொண்டால் முதல் டம்ளரிலேயே அது பழைய நிலைக்குப் போய்விடும். செம்புப் பாத்திரத்தில் இரவு முழுதும் வைத்தால் பல கிருமிகள் சாவதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். வீட்டளவில் அது நல்ல துணை. ஊரளவில் செம்புத்தொட்டி யார் கட்டுவது?

மூன்றாவது மறுப்புதான் இன்று ஊர் முழுக்கக் கேட்பது: குழாயைப் பற்றிக் கவலை எதற்கு, கேன் தண்ணி வந்துவிட்டதே! இருபது லிட்டர் கேன் இல்லாத தெரு இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் இல்லை. கேன் தண்ணீரில் உப்புக் கரிப்பு இல்லை. அதனாலேயே அதை 'நல்ல தண்ணி' என்கிறோம், நாக்கு மறுபடியும் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. ஆனால் ஆர்.ஓ.வில் வடிந்த தண்ணீரில் எஞ்சிய குளோரின் இருப்பதில்லை. ஒரே கேன் பல வீடு சுற்றுகிறது, வெயிலில் வண்டியில் நிற்கிறது, வீட்டில் கழுவாத டிஸ்பென்சர் மேல் கவிழ்கிறது. நிரப்பிய பின் நுழைகிற கிருமியைத் தடுக்க அதனிடம் ஆயுதம் இல்லை. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 நவம்பர் இறுதியில் புட்டி, கேன் தண்ணீரை 'அதிக ஆபத்துள்ள உணவு' என்ற பட்டியலில் சேர்த்தது. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுவது வறண்ட கோடையில் இன்னொரு கணக்கு. டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் அதை ஒட்டித்தான். இவற்றைவிடப் பெரிய இழப்பு வேறு. பேசத் தெரிந்தவர்களும் மனு எழுதத் தெரிந்தவர்களும் கேனுக்கு மாறிவிட்டால், குழாயைக் கண்காணிக்க யாரும் மிஞ்சுவதில்லை. குழாயின் கடைசியில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஊர் நடுவில் தொட்டி, தொட்டியை ஒட்டிப் பெரிய தெரு, அதைத் தாண்டிக் காலனி, அதற்கும் அப்பால் குப்பம் அல்லது இருளர் குடியிருப்பு. அழுத்தம் குறைவதும் குளோரின் தீர்வதும் கடைசியில்தான். கேன் வாங்கக் காசு இல்லாததும் பெரும்பாலும் அங்கேதான்.

நான்காவது மறுப்பை அதிகாரிகள் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அதுவே வலிமையானது: எண்ணை வெளியே எழுதினால் பீதி கிளம்பும். மறைத்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்று ஒரு சிற்றூர், மக்கள் ஐயாயிரம் பேர் இருக்கும். 2000 மே மாதம் பெருமழையில் மாட்டுச் சாணத்தின் கிருமி ஆழமற்ற ஒரு கிணற்றில் இறங்கியது. அந்த ஊரில் குளோரின் கருவி இருந்தது, பதிவேடு இருந்தது, சான்றிதழ் பெற்ற ஆட்கள் இருந்தார்கள், மாதிரிகளைச் சோதிக்க ஆய்வகமும் இருந்தது. ஆனால் பதிவேட்டில் எஞ்சிய குளோரின் எண்களை அளக்காமலேயே எழுதுவது ஆண்டுக்கணக்கில் வழக்கமாகியிருந்தது. ஆய்வகம் கிருமி இருப்பதாகச் சொன்ன பிறகும், கேட்ட சுகாதார அலுவலர்களிடம் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே சொல்லப்பட்டது. ஏழு பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 2,300 பேர் நோயுற்றார்கள். பணக்கார நாட்டில், பணக்கார மாகாணத்தில் இது நடந்தது. உண்மையை மறைத்த சில நாட்களில்தான் மக்கள் அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தார்கள். பூட்டிய அலமாரியில் உள்ள பதிவேட்டில் பொய் எழுதுவது எளிது. குழாயடிச் சுவரில் எழுதிய எண்ணைத் தெருப் பெண் ஒருத்தி தன் சோதனைக் குழாயோடு வந்து சரிபார்க்க முடியும் என்றால், எழுதும் கை கொஞ்சம் யோசிக்கும்.

தண்ணீரைக் கையாள்பவரிடம் கணக்குக் கேட்பது அந்நியச் சிந்தனையும் இல்லை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். அவற்றின்படி ஏரி வாரியம் என்று தண்ணீருக்கென்று ஒரு தனி வாரியம் இருந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தகுதியிழப்பு விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி பெயர் எழுதப்படத் தகுதியற்றவர், அவருடைய நெருங்கிய உறவினரும் அப்படியே. அந்தச் சபையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே இடம் இருந்தது என்பதை மறந்து அதைப் பொற்காலமாகப் பாட நான் தயாரில்லை. ஆனால் தண்ணீரைக் கையாள்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதியைக் கல்லில் வெட்டி, கோயில் சுவரில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார்களே, அந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

கடைசிக் குழாய்ச் சோதனைக்குப் புதிய சட்டமோ பெரும்பணமோ தேவையில்லை. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பேருக்கு, முடிந்தவரை பெண்களுக்கு, தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும். அத்திட்டம் வரையறுக்கும் 'செயல்படும் குழாய் இணைப்பு' என்பதே, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், குறித்த தரத்தில், தவறாமல் வருவது. ஆனால் இணைப்பை எண்ணும் வேகத்தில் தரத்தை எண்ணுவதில்லை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன, ஈ.கோலியும் நைட்ரேட்டும் அங்கே பார்க்கப்படட்டும், மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறையாவது. நாள்தோறும் ஊரில் நடக்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் விடும் வேளையில் கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரினைப் பார்த்து, தேதியும் எண்ணும் பார்த்தவர் பெயரும் அந்தக் குழாய்க்கு அருகிலேயே சுவரில் எழுதுவது. எண் 0.2க்குக் கீழே போன அன்று காய்ச்சிக் குடிக்கும்படி தண்டோராவோ வாட்ஸ்ஆப்போ, எது வசதியோ அது. நகராட்சிப் பகுதியானால் வார்டின் பகுதி சபை இதைக் கேட்கலாம். ஊராட்சியானால் கேட்பதற்கு நாளே இருக்கிறது: உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது.

இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்கள் பலர் இந்தக் கடலோர ஊர்களிலிருந்து வருபவர்கள். வருகிற மார்ச் 22 அன்று உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போங்கள். எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வாங்கப்பட்டது என்று கேட்காதீர்கள். கடந்த ஒரு மாதத்தில் நம் ஊரின் கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் எவ்வளவு இருந்தது, முப்பது நாளின் எண்ணையும் வாசியுங்கள் என்று கேளுங்கள். எண் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டு வாருங்கள்.